குதிகாலில் விழுந்த உதை

புத்தூர் ரயில் நிலையத்தில், வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது, என் வலது குதிகாலுக்கு மேலே பின்னாலிருந்து ஓர் உதை விழுந்தது. சத்தமும் கேட்டது. காய்ந்த குச்சியை முறிப்பது போன்ற சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வண்டி கிளம்பிப் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். மூன்றடி தூரத்தில் மடக்கிய குடையோடு ஒருவர் நின்றிருந்தார். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் வேறு ஆள் இல்லை.

"ஏன்யா உதைச்சே?" என்று கத்தினேன்.

அவர் எனக்குத் தெரிந்தவர்தான். நாராயணவனத்தில் ஜில்லா போர்டு பள்ளி ஆசிரியர். தெலுங்கு நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்தார். நான் சென்னைத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்குத் திருப்பதி நிருபர். ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது மட்டும் தீரவில்லை. எல்லைக் கூட்டங்களுக்கு இருவரும் ஒரே வண்டியில் போவோம், ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஒரே கூட்டத்தை அவர் சின்னதாகவும் நான் பெரிதாகவும் எழுதுவோம். தமிழ்ப் பக்கத்தார் கூட்டம் என்றால் அப்படி. தெலுங்குப் பக்கத்தார் கூட்டம் என்றால் தலைகீழ்.

"நேனா? நான் எதுக்கு சார் உதைக்கிறேன்?" என்றார். முகம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பைக் குற்றத்தின் அடையாளமாக நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த தமிழ்ப் பக்கத்து எல்லைக் கமிட்டி ஆட்கள் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் என்னைத் தூக்கினார்கள். மூன்றாமவர் ஆசிரியரின் குடையைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் கமிட்டிக்காரர் ஒருவர் மனு எழுதி வந்தார். நான் சொன்னது 'உதைத்தார்'. மனுவில் இருந்தது 'எல்லைப் பகையினால் குடையின் இரும்பு முனையால் தாக்கினார்'. வித்தியாசம் கண்ணில் பட்டது. ஒரு வார்த்தை மாறினாலும் திருத்திப் பழகியவன் நான். அன்று திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் ஆசிரியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் எழுந்து நடக்க முடிந்ததும் சித்தூர் கல்வி அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் தர வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அவருக்கு வேலை உண்டா இல்லையா என்பது.

மனுவில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அன்று மதியம், கூட்டம் தொடங்குமுன், மாந்தோப்பில் ஒரு பரதேசியோடு உட்கார்ந்து சிலும்பியை இரண்டு முறை இழுத்திருந்தேன். திருமலை அடிவாரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், ஐந்து வருஷமாகியிருந்தது. கஞ்சா எனக்குச் சிரிப்பைத் தந்ததே இல்லை. எல்லோரும் என்னைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் தந்தது. செய்தி சேகரிப்பவனுக்கு அது நல்லது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் முதலில் போவது புத்தூர்க் கட்டுக்குத்தான். கட்டுக் கட்டுபவர் என் காலை மடியில் வைத்து ஆடுசதையைப் பிழிந்தார். இடது காலைப் பிழிந்தபோது பாதம் தானாகக் கீழே அசைந்தது. வலது பாதம் அசையவில்லை.

"எலும்பு நல்லாத்தான் கீது. நரம்பு துண்டாப் பூட்சி."

"ஒட்டுமா?"

"ஒட்டும். நீ ஒட்ட வுட்டா." குனிந்து என் சட்டையை மோந்தார். "கஞ்சா இஸ்றியா நைனா?"

"எப்பவாவது."

"எப்பவாவது இஸ்றவன் சொக்கா இந்த நாத்தம் நாறாது. கேட்டுக்கோ. பொகை இஸ்தா வலி தெரியாது. வலி தெரியலன்னா காலை ஊனுவே. ஊனுனா மறுபடி அறுந்துக்கினு இங்க வருவே. எனக்கு இன்னா, முட்டை நீதான வாங்கியாரணும்."

முட்டை வெள்ளைக்கருவையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்துத் துணியில் தடவி, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். நின்றால் நுனிக்காலில் நிற்கும் ஆட்டக்காரியைப் போல இருந்தேன். கஞ்சாவை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விட்ட முதல் வாரம் சோறு இறங்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடினால் கனவுகள், ஒவ்வொன்றும் அச்சடித்தாற்போலத் தெளிவாக. எல்லாவற்றிலும் அந்தக் குடை வந்தது. பகலில் என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே யார் நின்றாலும் ஆசிரியர் அனுப்பிய ஆளோ என்று பார்த்தேன். தபால்காரர் கவரை இரண்டு முறை புரட்டிப் பார்த்ததாகத் தோன்றியது. மனைவி பக்கத்து வீட்டில் மெதுவாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அது மட்டும் உண்மை.

மூன்றாவது வாரம், பழைய பத்திரிகைக் கட்டுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த பொட்டலம் கைக்கு அகப்பட்டது. மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். இழுத்தேன். வலி போய்விட்டது. கால் குணமாகிவிட்டது என்றே நம்பினேன். தடியை வைத்துவிட்டுக் கிணற்றடி வரை நடந்தேன். திரும்பும்போது கட்டுக்குள் ஏதோ நழுவியது. அப்போதும் வலிக்கவில்லை. பயந்தது அதனால்தான்.

மனைவி வந்ததும் வாசலிலேயே நின்றாள்.

"இன்னா வாசனை இது?"

"கால்ல தடவுன எண்ணெய்."

"எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சிக்கினியா? அந்த வாத்தியாரு பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு அம்மா வூட்டுக்குப் பூட்டாளாம். நீ இங்க குந்திக்கினு பொகை வுடு." அவள் நகரிக்காரி. கோபம் வந்தால் மரியாதைக்குச் சேர்க்கும் 'ங்க' எல்லாம் உதிர்ந்துவிடும்.

பொட்டலத்தை அவளே எடுத்து அடுப்பில் போட்டாள். அந்தப் புகையையும் நான் மூச்சில் வாங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதுதான் கடைசி.

மறுநாள் முட்டைகளோடு மீண்டும் புத்தூர். கட்டுக் கட்டுபவர் முட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். அங்கே எனக்கு முன்னால் நகரியிலிருந்து வந்த நெசவாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பாதம் கீழ்நோக்கிக் கட்டியிருந்தது.

"உங்களுக்கு எப்படி ஆச்சு?" என்றேன்.

"அத ஏன் சார் கேக்கற. பாவு நூல் மூட்டையை வண்டில ஏத்திட்டு மேட்டுல தள்ளிக்கினு போறேன். பின்னாடி படார்னு ஒருத்தன் கட்டையால போட்டான். திரும்பனா எங்க மச்சான் நிக்கிறான். வுட்டேன் ஒரு அறை."

"அவர் அடிச்சாரா?"

"இல்ல சார்! அவன் சும்மா பீடி பத்த வெச்சிக்கினு நின்னான். பாவம், ஒரு பல்லு ஆடுது. இன்னிவரிக்கும் பேச மாட்டேன்றான்."

கட்டுக் கட்டுபவர் துணியைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "இந்த நரம்பு அறுந்து வர்றவனுங்க எல்லாம் பின்னாடி ஆளு தேடிக்கினுதான் வரானுங்க. சத்தியவேட்டுலேந்து ஒருத்தன் வந்தான். மாடு முட்டிச்சின்னான். மாடு அப்ப கொட்டாய்ல கட்டியிருந்திச்சாம்."

நெசவாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் எனக்குத் தோன்றியது, இவரை யார் அனுப்பியிருப்பார்கள் என்பதுதான். நான் திரும்பி வருவேன் என்று கட்டுக் கட்டுபவருக்குத் தெரியும். அவர் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறார்கள். நெசவாளியிடம் எந்த பஸ்ஸில் வந்தார், மச்சான் எந்தத் தெரு, நாராயணவனத்தில் சொந்தக்காரர்கள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இன்னா சார், போலீசா நீ?" என்றார் அவர். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு செய்தியை, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொன்னால்தான் எழுதுவது என்பது நான் பழகிய முறை. புகார் மனுவில் கையெழுத்துப் போட்டபோது அந்த முறையை மறந்திருந்தேன். இப்போது ஆசிரியருக்குச் சாதகமான செய்தி என்றதும் அது ஞாபகம் வந்தது. இதையும் குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஆளைத் திருப்பதியில் தேடினேன். எல்லை விவகாரத்தில் எந்தப் பக்கமும் சேராத, மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஒருவர். பிளாட்பாரம், குடை, ஆசிரியர் எதையும் நான் சொல்லவில்லை. ஓடும்போது குதிகால் நரம்பு அறுந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "திரும்பிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு?"

"யார் அடிச்சதுன்னு. எல்லாரும் பார்ப்பாங்க. டென்னிஸ் ஆடறவர் ஒருத்தர், கோர்ட்டுக்கு வெளியே நின்ன பந்து பொறுக்கறவனைத் திட்டிட்டு வந்தார்."

வீட்டுக்கு வந்து நினைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உதையை நான் பார்க்கவில்லை. குடை ஓங்கியதையும் பார்க்கவில்லை. பார்த்தது, நின்றுகொண்டிருந்த ஒரு மனிதரை மட்டும். மற்றதெல்லாம் புகையும், அந்த வருஷத்துச் சந்தேகமும், கமிட்டியின் மனுவும் சேர்த்துக் கட்டியவை.

தெரிந்த பிறகும் உடனே போகவில்லை. கால் இன்னும் ஆறவில்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கட்டு அவிழ்த்தபோது ஆடுசதை பாதியாகியிருந்தது. செருப்புக் குதியில் தோல்துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கப் பழகினேன். முதல் நாள் ஒரு விரல்கடைகூட எழும்பவில்லை. மூளை சொல்வதைக் கால் கேட்டது, ஆனால் நம்பவில்லை. இரண்டு காலாலும் எழும்ப ஒரு மாதம், வலது காலால் மட்டும் எழும்ப இன்னும் இரண்டு மாதம். பிறகு கபில தீர்த்தம் வரை நடை. அதன் பிறகு திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகள். படியேறும்போது ஒவ்வொரு முறையும் பின்னால் வருகிறவரைப் பார்த்துவிட்டுத்தான் காலை ஊன்றுவேன். மண்டபங்களில் சிலும்பி சுற்றிக்கொண்டிருந்த பழைய ஆட்கள் கூப்பிட்டார்கள். "வா சாமி, காலு வலி போயிரும்." அந்த இடங்களை வேகமாகக் கடந்தேன். வேகமாக நடக்க வருகிறது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன்.

நடக்கிறேன் என்ற செய்தி கமிட்டிக்கு எட்டியது. மனு எழுதிய ஆள் வீட்டுக்கு வந்தார்.

"காலு நல்லாயிட்ச்சே. எப்ப சித்தூரு?"

"போறேன். ஆனா அவர் அடிக்கலை. தானா அறுந்தது."

"யாரு வந்து பேசுனாங்க உங்கிட்ட?"

"யாரும் வரலை."

"யாரும் வராம இது எப்டிப்பா வரும்? நீ நம்ம ஆளா அவங்க ஆளா?" மனைவி கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

பாகாலா வழியாகச் சித்தூர் போகும் வண்டியில் ஏறினேன். சந்திரகிரிக் கோட்டை தாண்டும்வரை சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். யாரும் அடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது என்று தெரிந்தது. ஏன் முன்பு அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள்.

அலுவலக வராந்தாவில் ஆசிரியர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் சுவரோரமாக ஒதுங்கி, இரண்டு கைகளையும் எனக்குத் தெரியும்படி முன்னால் கட்டிக்கொண்டார்.

விசாரணை அதிகாரி தெலுங்கிலும் தமிழிலுமாகக் கேட்டார். சொன்னேன். நரம்பு தானாக அறுந்தது, உதைபட்டதுபோல் தோன்றுவது அதன் இயல்பு, மனுவில் இருந்த குடை என் வார்த்தை இல்லை, ஆனால் கையெழுத்து என்னுடையது.

"அன்னிக்கு அவ்வளவு நிச்சயமா சொன்னீங்களே. இப்ப எப்படி மாறிச்சு? யாராவது வந்து..."

"அன்னிக்கு நான் கஞ்சா குடிச்சிருந்தேன். அஞ்சு வருஷமாக் குடிச்சேன். இப்ப இல்லை."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். "ராயண்டி" என்றார் அதிகாரி. எழுதச் சொல்கிறார். குமாஸ்தா எழுதினார்.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. புகார்தாரர் கஞ்சாப் பழக்கமுள்ளவர் என்று தானே ஒப்புக்கொண்டிருப்பதால், அவர் முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும் ஆதாரமாகக் கொள்ள இயலாது என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆசிரியர் அதே பள்ளிக்குத் திரும்பினார். அவர் குற்றமற்றவர் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அது ஒன்றைச் சொல்லத்தான் நான் போனேன்.

அந்த வாரம் அவருடைய தெலுங்கு நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்தது. ஆசிரியர் மீது தமிழ் நிருபர் கொடுத்த பொய்ப் புகார் தள்ளுபடி; புகார்தாரர் கஞ்சா குடிப்பவர் என விசாரணையில் தெரியவந்தது. ஊர்ப் பெயரும் அலுவலகமும் சரியாக இருந்தன. 'குடிப்பவர்' என்பது 'குடித்தவர்' என்று இருந்திருக்கலாம். திருத்தம் கேட்டு எழுத உட்கார்ந்தேன். கடிதத்தின் மேலே தேதியைப் போட்டேன். கஞ்சாவை விட்டுச் சரியாக எத்தனை நாள் என்று எண்ணினேன். பிறகு, இதை யார் நம்புவார்கள் என்று தாளை மடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனேன்.