படிவழியில் கதிரைகள்

எங்களுடையது தட்டை நிலத்துக் குடும்பம். அப்பாவின் ஊர் மன்னார்ப் பக்கம். அங்கே ஏற்றம் என்று சொல்லத் தகுந்தது வாய்க்காலுக்கு மேலே கட்டிய மதகு ஒன்றுதான் என்பார். மொன்றியலுக்கு வந்த பிறகும் அவர் தேடிப் பிடித்து, பியர்பொன்ட்ஸில், மேசைபோல் கிடந்த ஒரு தெருவில்தான் வீடு வாங்கினார். அவருக்கு வேலை துறைமுகத்தில், மொன்றியல் தீவின் மற்றக் கோடியில். விடியுமுன் பஸ் ஏறுவார், திரும்பி வரும்போது முகத்தில் பாதி நித்திரை இருக்கும். வேலைக்குக் கிட்டவே வீடு எடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், "அங்கையெல்லாம் வாசலிலையே இரும்புப்படி" என்று பேச்சை முடித்துவிடுவார்.

படி கூடாது என்பதற்குக் காரணம் மாமி. மாமி அப்பாவின் அக்கா, கலியாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருந்தார். அவருடைய இடது கால் மற்றதைவிடக் கட்டை, முழங்காலும் சரியாக மடங்காது. வீட்டுக்குள் கைத்தடி, வெளியே போனால் நாலு சில்லும் ஒரு கூடையும் வைத்த வோக்கர். சின்ன வயதில் மதகடியில் சைக்கிளிலிருந்து விழுந்தார், சண்டைக் காலம், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டது. அந்தக் காலைப் பற்றி இதற்கு மேல் வீட்டில் ஒரு கதையும் இல்லை. சைக்கிளை ஓட்டியது மாமிதான் என்று நான் நானாகவே முடிவு கட்டியிருந்தேன். எங்கள் வீட்டையே ஓட்டுகிறவருக்கு ஒரு சைக்கிள் எம்மாத்திரம்?

சித்தப்பா இந்த இரண்டு பேருக்கும் கடைசித் தம்பி. கனடாவுக்கென்று புறப்பட்டு இத்தாலியில் தங்கிவிட்டவர். கடலோரக் கிராமம் ஒன்றில் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. கடலோரம் என்றதும் நாங்கள் மன்னார்க் கடற்கரையை மனதில் வைத்துக்கொண்டோம், பிழை எங்களுடையதுதான். மாமி போன் எடுக்கும்போதெல்லாம், "உன்னைப் பாக்க வரட்டோ?" என்பார். "பேந்து பாப்பம் அக்கா, இஞ்சை முழுக்கப் படி" என்று மறுமுனையிலிருந்து பதில் வரும். ஒளிக்கிறதுக்கு ஏதோ இருக்கிறது என்று அம்மா சந்தேகப்பட்டார். பிறகு சித்தப்பா மன்னாரிலேயே ஒரு சித்தியைப் பார்த்துக் கலியாணமும் கட்டிவிட, அம்மாவின் சந்தேகம் கேட்பாரில்லாமல் போயிற்று.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சித்தப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: தலைப்பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியடியில் ஏந்துகிறவர் தகப்பனின் மூத்த சகோதரிதான். என்னையும் மாமிதான் ஏந்தினார். ஆகவே போன் வந்தபோது மாமி கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். சித்தப்பா ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றார். ஞானத்தாய் யார் என்று அப்பா கேட்டார். தாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி என்றார் சித்தப்பா, நல்ல மனுசி என்றும் சேர்த்துக்கொண்டார்.

மாமி, "நல்லது, சந்தோசம்" என்றுவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த சட்டிகளை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார். அன்றைக்கு அந்தச் சட்டிகள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அப்பா மெல்லச் சமாதானம் சொல்லப் போனார். "கோயில் மலை உச்சியிலையாம் அக்கா. உங்களாலை ஏலாது எண்டுதான் அவன்..."

"ஏலுமோ ஏலாதோ எண்டதை என்னட்டையல்லோ கேட்டிருக்கோணும்" என்றார் மாமி. அவருடைய குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிடம் அது பழையபடி சரியாகிவிட்டது. "டிக்கெட்டைப் போடு" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமிக்கு பேஸ்மென்டில் திடீரென்று வேலைகள் வந்தன. அதுவரை அங்கே இறங்கியே அறியாதவர், உடுப்புத் தோய்க்கும் மெசினைப் பார்க்க வேண்டும் என்பார், ஊறுகாய்ப் போத்தலைப் பார்க்க வேண்டும் என்பார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார், மேல்மூச்சு வாங்க ஏறுவார். அடுப்பில் சோறு வேகுமுன் இன்னொருமுறை இறங்குவார். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமிக்கு ஊறுகாயில் இவ்வளவு அக்கறை இருந்ததை நினைத்து ஆச்சரியப்பட்டேன்.

வசந்தத்தில் சித்தப்பாவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயில் ஒரு குகைக்குள் நுழையும், வெளியே வந்தால் கடல், கண்ணை மூடித் திறக்குமுன் அடுத்த குகை. இறங்கிப் பார்த்தால் கிராமம் முழுவதும் நட்டுக்கு, சுவர்போல் நிற்கிறது. ஒருவருடைய கூரைக்கு மேலே இன்னொருவருடைய வாசல். கார் போக வழியில்லை, எங்கே போவதென்றாலும் கல்படிதான். எல்லாவற்றுக்கும் மேலே, மணிக்கூண்டு வைத்த மஞ்சள் கோயில். மாமி தலையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வடிவாய்த்தான் இருக்கு" என்றார். வோக்கரின் சில்லு முதல் கல் இடுக்கிலேயே மாட்டிக்கொண்டது. ஸ்டேஷனடிப் பழக்கடைக்காரர் அதைத் தன்னிடம் விட்டுப் போகும்படி கையால் காட்டினார். எங்களைவிட அவருக்கு அதில் நம்பிக்கை குறைவு என்பது முகத்தில் தெரிந்தது.

சித்தப்பா எங்களுக்குத் துறைமுகத்தடியில் தரைமட்டத்தில் ஒரு அறை பிடித்து வைத்திருந்தார். சித்தி குழந்தையைக் கீழே கொண்டுவந்து காட்டினார். மாமி மருமகளை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"பிள்ளையைப் பாத்திட்டியள்தானே அக்கா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இஞ்சையே இருங்கோ. நான் வீடியோவிலை காட்டுறன்."

மாமி காது யாருடையது என்பதற்குப் போனார். சித்தப்பா விடவில்லை. மலைச்சரிவில் திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்கும் சின்னத் தண்டவாள வண்டி ஒன்று இருந்தது, அதில் வைத்து ஏற்றலாம் என்றார். "நானென்ன திராட்சைக் குலையே?" என்றார் மாமி. திருநாளில் மாதாவைத் தோளில் சுமக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கதிரையில் இருத்தி அப்படியே தூக்குவார்கள் என்றார். "நானென்ன சொரூபமே? சும்மா இரடா."

"பூசை முடிஞ்ச உடனை சுவாமியார் அடுத்த ஊருக்குப் போயிடுவார் அக்கா. உங்களுக்காக நிக்கமாட்டார்."

"பூசை முடியிறதுக்குள்ளை வந்து சேந்தால் நான் பிள்ளையை ஏந்துறன். வந்து சேராட்டில் வீட்டுக்காரி ஏந்தட்டும்" என்று மாமி தீர்ப்பு எழுதினார். சித்தப்பா குழந்தைப் பக்கம் குனிந்தார். குழந்தையின் காலுறையைக் கழற்றி மறுபடியும் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நான் சித்தப்பா வீட்டில் படுத்தேன். அது பாதி மலையில், கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தது. ஞாயிறு காலையில் எழும்பினால் வீட்டில் ஒரு கதிரைகூட இல்லை. முதல் நாள் நான் இருந்து சாப்பிட்ட, நீலச் சாயம் பூசிய கதிரையையும் காணவில்லை. கட்டிலில் இருந்தபடி பாண் துண்டைச் சாப்பிட்டேன். சித்தப்பா இத்தனை ஏழையாகிப் போனாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது. சித்தியிடம் கேட்டால், "இண்டைக்குக் கதிரையளுக்கு லீவு. ஓடு, மாமி வெளிக்கிட்டிருப்பா" என்று என்னை அனுப்பிவிட்டார்.

கீழே மாமி ஏறத் தொடங்கியிருந்தார். ஒரு கை மதிலில், ஒரு கை தடியில். நல்ல காலை முன்னே வைத்து, மற்றக் காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். அம்மா பக்கத்தில் வந்தார். அப்பா பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "கோழி பிடிக்கிற மாதிரி வராதை, தள்ளி வா" என்று மாமி அவரை விரட்டினார்.

முதல் வளைவில், மூச்சு முட்டும் இடத்தில், சரியாக ஒரு கதிரை இருந்தது. மாமி உட்கார்ந்தார். அடுத்த வளைவில் பிரம்புக் கதிரை. அதற்கடுத்ததில் பிளாஸ்டிக் கதிரை, தோட்டத்துச் சேறு இன்னும் காயாமல். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஜன்னல் திறக்கும், ஒரு மனுசி எட்டிப் பார்ப்பார், சிலர் தண்ணீர் நீட்டினார்கள். மாமி தன்னிடம் இருந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்தார்: "பொன்ஜூர், மெர்சி." அவர்களுக்கு அது தாராளமாகப் போதுமாக இருந்தது.

சித்தப்பா வீட்டைத் தாண்டி அடுத்த வளைவில் நீலக் கதிரை நின்றது. "மாமி, இது சித்தப்பா வீட்டுக் கதிரை!" என்று கத்தினேன். அம்மா என் தோளில் நுள்ளினார்.

"இந்த ஊரிலை எல்லாக் கதிரையும் உப்பிடித்தான் பிள்ளை" என்றார் மாமி, அதில் சாய்ந்துகொண்டே. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அங்கே இருந்தபோதுதான் பூசை மணி அடித்தது. மாமி தடியை மதிலில் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது. அப்பா குந்தி, "அக்கா, நான் தூக்கிறன். ஆரும் பாக்கமாட்டினம்" என்றார். மாமி கடலைப் பார்த்தார். அவர் அழப்போகிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "ஓடிப்போய்ச் சித்தப்பாட்டைச் சொல்லு, நான் வழியிலை வாறன், என்ரை மருமோளை வேறை ஆற்றை கையிலையும் குடுத்திடாதை எண்டு" என்றார்.

ஓடினேன். கோயிலுக்குள் சுவாமியார் பிரசங்கத்தில் நின்றார். வீட்டுக்காரி, தடித்த, அன்பான முகமுள்ள மனுசி, குழந்தையோடு முன்வாங்கில் இருந்தார். சித்தப்பா பீடத்தைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி சொன்னதை நான் தமிழில், கோயில் முழுவதும் கேட்கும்படி சொன்னேன். சித்தப்பா எழுந்துபோய்ச் சுவாமியாரின் காதில் ஏதோ சொன்னார். சுவாமியார் மணிக்கூட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு பிரசங்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சுருக்கமாகப் பேசுகிறவர் என்று அந்த ஊரில் பெயர் எடுத்தவராம். அன்றைக்கு அவர் முடிப்பதாகத் தெரியவில்லை. கிழவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நித்திரையாகிவிட்டார்.

கடைசியில் கல் தரையில் தடி தட்டும் சத்தம் கேட்டது. சுவாமியார் ஒரு வசனத்தின் நடுவிலேயே ஆமென் சொல்லிவிட்டார். வீட்டுக்காரி தானாகவே எழுந்து, மாமி நின்ற இடத்துக்கு நடந்துபோய், குழந்தையை அவருடைய கையில் வைத்து, அவருடைய கன்னத்தில் முத்தமிட்டார். மாமி குழந்தையை இரண்டு கையாலும் வாங்கினார். தடி நிலத்தில் விழுந்தது. தடியில்லாமல் மாமியால் நிற்க ஏலாது. சித்தப்பா வந்து பின்னால் நின்றார். மாமி அவருடைய நெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அப்படியே அவரைத் தாங்கி, ஒவ்வொரு அடியாகத் தொட்டியடிக்குக் கூட்டிப் போனார் சித்தப்பா. தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டது. சித்தப்பாவும் அழுதார். பிள்ளைக்குக் குளிரும் என்று அழுகிறார், நல்ல அப்பா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமி முன்னே வந்தார். ஏறும்போது இருந்த அத்தனை கதிரையிலும் மறுபடியும் இருந்தார், ஒன்றையும் விடவில்லை. நீலக் கதிரையில் இருந்தபோது அதன் கையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கும் நீ இப்பிடித்தான். மதகடியிலை நான் விழுந்து கிடக்க, அக்கா இதிலை இருங்கோ எண்டு அழுது அழுது ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தனீ. இப்ப கதிரை. முன்னேறியிட்டாய்."

சித்தப்பா படியில் குந்தி, அவருடைய கோணல் காலில் முகத்தை வைத்துக்கொண்டார். மாமி அவருடைய தலைமயிரைக் கோதினார். "எனக்கு உன்னிலை ஒருநாளும் கோவமில்லையடா. என்னைக் கூப்பிடாமல் விட்டதுக்குத்தான் கோவம்" என்றார். அப்பாவும் அம்மாவும் கடலை மும்முரமாகப் பார்த்தார்கள்.

அன்று மதகடியில் சைக்கிளை மிதித்தவர் சித்தப்பா, பின்னால் இருந்தவர் மாமி. அப்பா எனக்கு அதைச் சொன்னது நான் நன்றாக வளர்ந்த பிறகு, பியர்பொன்ட்ஸ் வீட்டுச் சமையலறையில், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது. விழுந்த அன்று சித்தப்பாவுக்கு, ஞானஸ்நானத்துக்குப் போனபோது எனக்கிருந்த வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. மாமி படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அவரால் இத்தனை வருடம் ஏலாமல் இருந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கதிரை கேட்டிருக்கிறார்.

எனக்கு அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முன்னேறிவிட்டாய் என்று பாராட்டினால் பெரிய ஆட்கள் ஏன் அழுகிறார்கள் என்று யோசித்தேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இந்தக் கதிரைகளையெல்லாம் திரும்ப அந்தந்த வீட்டுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது?