இரவல் தாய்கள்

வேலை நாளில் அவள் கையில் எண்ணெய் படாது. தோல் வெடித்தாலும் சரி, களிம்பு ஞாயிற்றுக்கிழமைதான். "முதுகு தேய்க்காதம்மா, ரம்பம் போட்ட மாதிரி இருக்கு" என்று மகள் நெளிவாள். "உங்கம்மா ஆயிரம் புள்ளைக்குத் தாய். நாம ரெண்டு பேரும் கணக்குல கடைசி" என்பான் கணவன்.

பழத்தோட்ட ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்சி அறை அவள் பொறுப்பு. மரத்தின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்ன, வாலில் இடுக்கி உள்ள ஒரு பழுப்புப் பூச்சியை அங்கே வளர்த்தார்கள். அதன் தாய், முட்டையிட்டால் இரையையும் மறந்து காவல் கிடக்கும். ஒவ்வொரு முட்டையாகப் புரட்டி நக்கும். தன் உடம்பின் மேல் உள்ள மெழுகு போன்ற கொழுப்பைத்தான் அப்படி முட்டைக்கும் பூசுகிறது. அந்தப் பூச்சு இருந்தால் முட்டை வறளாது, பூஞ்சையும் எளிதில் ஏறாது. கைப்பிசுக்கு அதைக் கெடுக்கக் கூடாது என்றுதான் அவள் கைகள் காய்ந்து கிடந்தன.

இத்தனையும் தெரிந்தவள்தான் அந்தத் தவறைச் செய்தாள்.

அந்தப் பருவத்தில் அறையில் ஈரம் மிஞ்சி, சில பெட்டிகளில் முட்டைமேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. குஞ்சு குறைந்தால் அறையை மூடிவிடுவதாக மேலதிகாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். கணவனுக்கு வேலை போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. பயம் வந்தால் படிப்பு பரணில் ஏறிக்கொள்ளும். எல்லா முட்டைகளையும் சோப்புத் தண்ணீரில் அலசினாள். அலசி முடியும்வரை தாய்களை ஒரே பெட்டியில் போட்டு மூடிவைத்தாள். திறந்து பார்த்தால், காவல் வெறியில் இருந்தவை ஒன்றையொன்று கவ்விக் கிழித்துச் செத்துக் கிடந்தன. முட்டைகளில் பூஞ்சையும் இல்லை, பூச்சும் இல்லை. மறுநாளே சுருங்கத் தொடங்கின.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "இது முட்டையா, பொக்கா?"

"பூஞ்சைன்னு கழுவினேன் சார்."

"நல்லாக் கழுவினே போ. பொரிக்கலன்னா பெட்டியையும் கழுவி ஒப்படைச்சிடும்மா."

ஒரே ஒரு வழி இருந்தது. இந்தப் பூச்சித் தாய் அயல் முட்டையையும் தன்னுடையதாக நினைத்து நக்கும். ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு பண்ணையில் இதே வேலை பார்த்தாள், கல்லூரி விடுதியில் அவளோடு தங்கிப் படித்த தோழி. அவளிடம் ஓடினாள்.

"முட்டைமேல படுத்திருக்கிற தாய எப்படிடி எடுத்துத் தர்றது?" என்றாள் தோழி.

"பாதியாவது குடு. மீதித் தாய்ங்க எல்லா முட்டையையும் சேத்துப் பாத்துக்காதா?"

"என் ஒரு புள்ளைய மேய்க்கவே எனக்கு மூச்சு வாங்குது. அதுங்கள ரெண்டு வீட்டுப் புள்ளைய வளக்கச் சொல்றியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மூடிட்டாங்கன்னா நாங்க நடுத்தெருவுலதான்டி."

தோழி பெட்டிகளைத் திறந்தாள். தாய்களை நோகாமல் தள்ளி எடுக்க மெல்லிய தூரிகையை எடுத்தாள். "அடுத்த பருவத்துல தாயாவே திருப்பித் தரணும். சாக்குச் சொன்னே, கொன்னுடுவேன்."

"சத்தியமாத் தர்றேன்."

பேருந்தில் பெட்டியை மடியில் அணைத்தபடி வந்தாள். வந்த தாய்களில் சில, முட்டைகளைத் தின்றே விட்டன. மற்றவை நக்கின. நான்கைந்து பெட்டிகளில் மட்டும் வெள்ளை வெளேரென்று குஞ்சுகள் அசைந்தன. "பொழச்சே" என்றார் மேலதிகாரி. அறை தப்பியது.

அக்கரையில் மிச்சமிருந்த தாய்களுக்கு அத்தனை முட்டையையும் பார்க்க மாளவில்லை. தோழியின் பெட்டிகளில் பாதி முட்டை வறண்டது, பாதியில் பூஞ்சை பூத்தது. அங்கே அறையை மூடிவிட்டார்கள்.

தொலைபேசியில் அழுதது இவள்தான். "விடுடி, எனக்குத்தான் கணக்குப் பாக்கத் தெரியல" என்றாள் தோழி. தான் வாங்கியது கடனா, களவா என்று அதன்பின் பல நாள் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த பருவத்தில் நல்ல தாய்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். பூச்சி அறையில் உரமூட்டைகள் அடுக்கியிருந்தன. தோழி ஏதோ கடையில் விற்பனைக்குப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னான். கடையைத் தேடிப் போனாள். வாடிக்கையாளர் வரிசையில் நின்று பெட்டியை நீட்டினாள்.

"இதுங்கள எங்கடி வைப்பேன்?" என்றாள் தோழி. "பில் போடணும், நகரு."

இரவல் வாங்கிய தாய்களில் ஒன்றைக்கூட அவளால் கடைசிவரை திருப்பித் தர முடியவில்லை.