வாய்க்கால் வெட்டிய சித்திரை

ஈரமண்ணும் ஹீட்டர் சூடும் கலந்தால் லேசாகப் புளித்த ஒரு மணம் வரும். எனக்குப் பத்து வயதான அந்த வருடம், லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் ஒரு கடைக்கு மேலே இருந்த எங்கள் சின்ன வீடு மாசி தொடங்கிப் பங்குனி முடியும்வரை அப்படித்தான் மணத்தது. வெறும் தயிர்ப் பெட்டிகளில் மண்ணை நிரப்பி, கத்தரியும் மிளகாயும் பூசணியும் போட்டு, யன்னல் ஓரத்தில் அம்மா வரிசையாக வைத்திருந்தார். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னரே போய் அந்தக் கன்றுகளைத்தான் பார்ப்பார்.

வீட்டில் நிலமில்லாதவர்கள் மரக்கறி பயிரிடுவதற்கென்று கவுன்சில் வாடகைக்குத் தரும் துண்டு நிலத்துக்கு "அலொட்மென்ட்" என்று பெயர். வருடக்கணக்காகக் காத்திருந்து அம்மா தன் பெயரில் ஒன்று எடுத்திருந்தார். அவருக்கு மரக்கறியில் அப்படியொன்றும் மோகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது ஓர் ஆண்பிள்ளை சோபாவில் கால்நீட்டிக்கொண்டு நாட்டு நிலவரம் பேசிக்கொண்டிருப்பார். அடுப்பில் எந்நேரமும் கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். "ஒருத்தரும் வந்து தேத்தண்ணி கேக்காத ஒரு இடம் வேணும்" என்று அம்மா சொல்வார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நிலம் கிடைத்ததை அப்பா தன் ஊர்ச் சிநேகிதர் குலம் அங்கிளிடம் சொன்னதோடு எல்லாம் முடிந்தது. குலம் அங்கிள் பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு சனிக்கிழமையில் வந்தது வேறு அவருக்கு வசதியாகப் போயிற்று.

"குளிர் இன்னும் போகேல்லை அண்ணை. கண்டுகள் வீட்டுக்குள்ளேயே நிக்கட்டும், நான் வைகாசிக்குப் பிறகு ஆறுதலா நடுறன்" என்றார் அம்மா.

"நாள் செய்யிறதை நல்லவனும் செய்யான் தங்கச்சி. வருசப் பிறப்பில மண்ணைக் கொத்தினால் எல்லாம் தானா வரும். நாங்கள் தோட்டக்காரப் பரம்பரையெல்லோ" என்றார் அங்கிள்.

இந்தப் பரம்பரைக் கதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பாவின் தகப்பனாருக்கும் குலம் அங்கிளின் தகப்பனாருக்கும் ஊரில் தோட்டம் இருந்தது உண்மை. கொத்தியவர்கள், இறைத்தவர்கள், புல்லுப் பிடுங்கியவர்கள் எல்லாம் கூலிக்கு வந்தவர்கள். அப்பாவும் அங்கிளும் செருப்புக் காலோடு வரம்பில் நின்று, "அங்கால ஒரு பாத்தி விட்டுப்போட்டாய்" என்று கத்தியவர்கள். பிறத்தியாரின் வியர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றதையே தங்கள் அனுபவம் என்று இவர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை அவர்களோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், எல்லாருமே வெள்ளை "ட்ரெயினர்ஸ்" சப்பாத்துப் போட்டுக்கொண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அம்மா படுக்காமல் அத்தனை பேருக்கும் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நூல் பிடித்து அளந்து, தகராறுபட்டு, மறுபடி அளந்து, ஊரில் கிணற்றுத் தண்ணீருக்குச் செய்வதுபோலவே அவர்கள் நிலத்தைக் கிண்டிப் பள்ளப் பாத்திகளாக்கினார்கள்; ஒவ்வொன்றையும் சுற்றி வரம்பு கட்டி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வாய்க்காலும் வெட்டினார்கள். எங்கள் ஹரோப் பகுதியின் களிமண்ணைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பீங்கான் கோப்பையைப் போலத் தண்ணீரை அது அசையவிடாது வைத்திருக்கும். பக்கத்துத் துண்டு வெள்ளைக்காரக் கிழவர் வந்து, குழாய் ஏதும் புதைக்கப் போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவர் போன பிறகு அப்பா, "உவங்களுக்குத் தோட்டம் எண்டால் பூக்கண்டுதான்" என்றார்.

அம்மா மட்டும் வாய்க்காலைக் காட்டிக் கேட்டார்.

"குலமண்ணை, இஞ்ச ஆர் தண்ணி இறைக்கப் போகினம்? அது மேல இருந்தெல்லோ வருது."

"நீ பேசாமல் தேத்தண்ணியை ஊத்து" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை கற்பூரம் கொளுத்தி, மண்வெட்டியின் முதுகில் தேங்காய் உடைத்து, தயிர்ப் பெட்டிக் கன்றுகள் அத்தனையையும் பாத்திகளின் நடுவில் நட்டார்கள். பிறகு ஆளுக்கொரு மண்வெட்டியைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று பின்னேரம் தொடங்கிய மழை அந்தக் கிழமை முழுக்க நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது பாத்திகள் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தன. வாய்க்கால் கடமை தவறாமல் பக்கத்துத் துண்டின் தண்ணீரையும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. கன்றுகள் கறுத்து, தண்டு அழுகி, சேற்றில் படுத்துவிட்டன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குலம் அங்கிள் முதலில் மண்ணைக் குறை சொன்னார், பிறகு விதையை, கடைசியில் அம்மாவின் தயிர்ப் பெட்டிகளை. எனக்கு அந்த மனுசனைக் கடிக்கவேண்டும் போலிருந்தது. "பரவாயில்லை, ஒரு கொட்டிலைப் போட்டு நாலு கதிரையையும் கொண்டுவந்து வைப்பம். இனிக் கிழமைக்குக் கிழமை வருவந்தானே" என்றார் அவர்.

அழுகிய கன்றுகளை அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒதுக்கிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு நேரே போய், அந்தத் தோட்டங்களைப் பராமரிப்பவரிடம் படலைப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில், "கவுன்சில்காரர் திருப்பி எடுத்துப்போட்டாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

இன்று அந்தக் கடைக்கு மேலே வேறு யாரோ இருக்கிறார்கள். குலம் அங்கிள் கனடா போய்விட்டார். அங்கேயும் யாருக்காவது உபதேசம் செய்துகொண்டிருப்பார். அந்தத் துண்டு நிலத்தில் யாரோ ரோசாச் செடிகள் வளர்க்கிறார்கள். அப்பாவின் கதை மட்டும் இன்னும் வளர்கிறது: பொறாமை பிடித்த வெள்ளைக்காரர்கள் எங்கள் தோட்டத்தைப் பறித்துவிட்டார்களாம், அதுவும் காய்க்கிற நேரத்தில். எந்தக் கல்யாண வீட்டிலும் இதைக் கேட்கலாம். அப்பா தமிழ்ப் பத்திரிகைகளில் மரண அறிவித்தல்களைத் தவிர வேறெதையும் வாசிப்பதில்லை என்ற துணிவில் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை தவறாமல் அம்மா கோயிலுக்குப் போகிறார் என்பதில் அப்பாவுக்குப் பெரிய பெருமை. அம்மா இறங்குவது கோயிலையும் தாண்டி நாலைந்து பஸ் தரிப்புகளுக்கு அப்பால், தன் பெயரில் இன்னொரு கவுன்சிலிடம் எடுத்த துண்டு நிலத்தின் வாசலில். அங்கே மேடைப் பாத்தியும் சின்னதொரு பொலித்தீன் கூடாரமும் இருக்கின்றன. திரும்பி வரும்போது "தமிழ்க் கடையில வாங்கினது" என்று ஒரு பையை மேசையில் வைப்பார். அப்பா அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "எண்டாலும் எங்கட தோட்டத்துக் காயின்ர ருசி வருமே" என்பார்.

போன சனிக்கிழமை அம்மாவோடு களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருசத்துக்குப் பிறகாவது அப்பாவிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். அம்மா நிமிரக்கூட இல்லை.

"சொன்னால் உதவிக்கு வந்திடுவார்" என்றார்.