சார்ஜர் வாங்கப் போய் டைல்ஸ் உடைத்த கதை

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. சார்ஜர்.

செல்போன் சார்ஜர் இல்லை. கார் சார்ஜர்.

என் கணவரின் அண்ணன் பெங்களூரில் இருந்தவர். மகளோடு இருக்கலாம் என்று வெளிநாடு கிளம்பும்போது தன் காரை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோலும் போடலாம், வீட்டு பிளக்கில் செருகி கரன்ட்டும் ஏற்றலாம். கரன்ட்டில் சுமார் நாற்பது கிலோமீட்டர் ஓடும். தீர்ந்துபோனால் தானாகவே பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும்.

என் கணவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலைப் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் போய்த் திரும்ப அந்த நாற்பதே தாராளம். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டால் வாரம் முழுக்க பெட்ரோல் பங்க் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். தஞ்சாவூர், மதுரை என்று கிளம்பும்போது மட்டும்தான் பெட்ரோல்.

ஆனால் எதில் ஏற்றுவது?

மூன்று வழி இருந்தது. காரோடு வந்த கேபிள்: ஒரு முனையில் ஏ.சி.க்குப் போடுகிற 16 ஆம்ப் பிளக், நடுவில் செங்கல் சைஸில் ஒரு பெட்டி, மறுமுனை காருக்கு. அடுத்தது, சுவரில் மாட்டும் சின்ன சார்ஜர். அதற்கும் மேலே, சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர். அதற்கு ஆப் உண்டு, ஸ்கிரீன் உண்டு, சுற்றிலும் நீல வெளிச்சம் உண்டு.

இவர் எதைப் பார்த்து மயங்கினார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மன்னார்புரத்தில் ஒரு கடைக்குப் போனோம். சேல்ஸ்மேன் சுறுசுறுப்பானவர்.

"சார், அது மூணு கிலோவாட். இது ஏழு. ரெண்டு மடங்கு ஸ்பீடு. நாளைக்கே நீங்க முழு எலெக்ட்ரிக் கார் வாங்கினாலும் இதுவே போதும். ஸ்டாக் ரெண்டுதான் இருக்கு."

எந்தக் கடையிலும், எந்தப் பொருளும், எப்போதும் ரெண்டுதான் இருக்கும்... கவனித்திருக்கிறீர்களா?

இவர் பர்ஸை எடுக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்தேன். "ஏங்க, செந்தாமரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

செந்தாமரை எங்கள் எலெக்ட்ரீஷியன். லால்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். டிப்ளமோ படித்து லைசென்ஸ் வாங்கிய பெண்மணி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் விஷயம் இருக்கும். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்தபோது அறிமுகமானவர். எங்கள் வீட்டில் அதுவரை ஃபேன் மாட்டியதோடு சரி.

அடுத்த நாள் வந்தார். இவர் கடையிலிருந்து வாங்கி வந்த பிரசுரங்களை மேஜையில் பரப்பி, பாடம் நடத்துவது போல விளக்கினார். செந்தாமரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"சார், கார் எவ்வளவு வாங்கும்?"

"என்னது?"

"சார்ஜர் எவ்வளவு குடுக்கும்னு சொல்றீங்க. கார் எவ்வளவு வாங்கிக்கும்னு பாத்தீங்களா? பேட்டரிக்கு ஏத்தற சார்ஜர் காருக்குள்ளயே இருக்கு சார். சுவத்துல மாட்டறது கரன்ட்டை எடுத்துக் குடுக்கறதோட சரி. உள்ள இருக்கறது எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் போகும்."

காருக்குள் இருந்த கையேட்டைத் தேடி எடுத்தோம். பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஒரு மூலையில் இருந்தது. மூன்று புள்ளி மூன்று கிலோவாட்.

"சொம்புல ஊத்த அண்டாவைத் தூக்கிட்டு வந்தாலும் சொம்பு பிடிக்கறதுதான் சார் பிடிக்கும்" என்றார் செந்தாமரை. "பெரிசை மாட்டினா ஈ.பி.ல லோடு கூட்டித் தரச் சொல்லி எழுதிக் குடுக்கணும், மெயின் கேபிளை மாத்தணும். இவ்வளவும் செஞ்சாலும் உங்க காருக்கு அதே மூணு மணி நேரம்தான்."

இவர் நீல வெளிச்சம் போட்ட பிரசுரத்தை மெதுவாக மடித்து வைத்தார். பாவமாகத்தான் இருந்தது.

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பத்து லிட்டர் குக்கர் வாங்கியவள் நான். அதனால் அவரை எதுவும் சொல்லவில்லை. நாம் எல்லோருமே பொருளின் அளவைப் பார்த்து வாங்குகிறோம். தேவையின் அளவு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

"முதல்ல காரோட வந்த கேபிளையே போட்டுப் பாப்போம்" என்றார் செந்தாமரை.

போர்ட்டிகோவில் ஏற்கெனவே ஒரு 16 ஆம்ப் பாயின்ட் உண்டு. செருகினோம். நடுவில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தது சிவப்பு.

ஹாலில் ஏ.சி. பாயின்ட்டில் செருகினோம். சிவப்பு. பின்கட்டில் வாஷிங் மெஷின் பாயின்ட். அங்கேயும் சிவப்பு.

இவர் கடைக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில். சேல்ஸ்மேன் சிரித்தார்.

"எர்த் சரியில்லைன்னு காட்டுது சார். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயின்ட்டுக்குள்ள ஒரு சின்ன ஒயரால இணைச்சிடுங்க. பச்சை வந்துடும். நிறைய வீட்டுல அப்படித்தான் ஓடுது. அஞ்சு நிமிஷ வேலை."

போனை வைத்ததும் இவர் செந்தாமரையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது.

"அப்படிச் செய்யறதா இருந்தா வேற ஆளைப் பாத்துக்குங்க சார்."

குரலை உயர்த்தவில்லை. கருவிப் பையின் ஜிப்பை மட்டும் மூடினார்.

"ஏம்மா, தற்காலிகமாத்தானே..."

"நியூட்ரல் ஒயர் எங்கயாவது விட்டுப்போச்சுன்னா, காரோட தகரம் பூரா கரன்ட் வந்து நிக்கும். ஈரத் தரையில நின்னு ஒருத்தர் கதவைத் திறந்தா போதும். விளக்கு அப்பவும் பச்சையாத்தான் சார் எரியும்."

"சரி, அது வேண்டாம்" என்றார் இவர். செந்தாமரை மறுபடி பையைத் திறந்து, இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குண்டு பல்பை எடுத்தார். பிளக் பாயின்ட்டில் ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. ஒரு ஒயரை மட்டும் எடுத்து எர்த் துளையில் வைத்தார்.

இருட்டு. ஒரு மினுக்குக்கூட இல்லை.

"இந்த வீட்டுக்கு எர்த்தே இல்ல சார்."

பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். சொந்தமாகக் கட்டியது.

"யாருக்காவது எங்கயாவது ஷாக் அடிச்சிருக்கா?" செந்தாமரை எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார் இவர்.

எனக்கு மாடி ஞாபகம் வந்தது.

மாடியில் பிரியா குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். கணவருக்கு ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் வந்து போவார். இரண்டரை வயதில் நிலா என்று ஒரு பெண் குழந்தை. ஆடி மாதத்தில் ஒரு நாள் படியிறங்கி வந்து பிரியா சொன்னாள்: "அக்கா, பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருங்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஈரக் கையோட தொட்டிருப்பே. செருப்பு போட்டுக்கோ."

வாடகைக்கு இருப்பவர்கள் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள் என்று ஒரு எண்ணம். கீசரை மாற்றித் தரச் சொல்வதற்கு அடி போடுகிறாளோ என்றுகூட நினைத்தேன். அவள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. நானும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இதைச் செந்தாமரையிடம் சொன்னேன். அவர் உடனே மாடிப்படி ஏறினார். பின்னாலேயே நாங்கள்.

பிரியாவுக்கு அன்று லீவு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒதுங்கி வழிவிட்டாள்.

பாத்ரூம் வாசலில் ஒரு மரப் பலகை. அதன்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பக்கத்தில் இன்னொரு ஜோடி, உள்ளங்கை அளவு.

"குழந்தையை இங்க குளிப்பாட்டறதில்லைக்கா" என்றாள் பிரியா. "அடுப்புல தண்ணி காய வெச்சு, ஹால்ல டப்பு போட்டுக் குளிப்பாட்டிடுவேன். செருப்பு எதுக்குன்னா, அவளா உள்ள ஓடிட்டான்னா..."

ஹாலின் மூலையில் அந்த பிளாஸ்டிக் டப் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் வாடகை சம்பந்தமாக எத்தனை முறை இந்த வாசலில் நின்று பேசியிருக்கிறேன்! அது என் கண்ணில் படவே இல்லை.

செந்தாமரை கீசரைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. கீசரை அணைத்து ஒயரையே கழற்றிவிட்டார்.

"உள்ள காயில் கசியுது. எர்த் இருந்திருந்தா அது பூமிக்குப் போயிருக்கும். போக வழியில்லாம குழாய்லயே நிக்குது. வீட்டு எர்த் ஒயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுதான். கீழ உங்க வாஷிங் மெஷின் தகரத்துலயும் இது வந்துருக்கும். நீங்க பின்கட்டுக்குச் செருப்போட போறீங்க, அதான் தெரியல."

கழற்றிய ஒயரைச் சுற்றிக்கொண்டே, "இது லேசான கசிவு. கூடியிருந்தா..." என்றார். பிரியா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கீழே வந்ததும் அடுத்த கேள்வி. "வீடு கட்டறப்ப எர்த் குழி எடுத்திருப்பாங்களே, எங்க இருக்கு?"

இவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. நன்றாகவே இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டோம். மூலையில் சிமென்ட் மூடி போட்ட ஒரு குழி துருத்திக்கொண்டு இருந்தது. "இது அசிங்கமா இருக்கு. மேல டைல்ஸ் போட்டு மூடிடுங்க" என்று கொத்தனாரிடம் சொன்னது நான்தான். இத்தாலியன் டிசைன், கிரீம் கலர்.

"உடைச்சிடலாம்" என்றேன்.

"எத்தனை டைல்ஸ் போகும்னு தெரியலயே அக்கா."

"போகட்டும்."

ஆறு டைல்ஸ் போயிற்று. கீழே குழி இருந்தது. பைப் இருந்தது. வீட்டிலிருந்து வந்த எர்த் கம்பி, பைப்புக்கு ஒரு ஜாண் தூரத்தில், ஒட்ட நறுக்கிக் கிடந்தது. டைல்ஸ் சமமாக உட்கார இடைஞ்சலாக இருந்திருக்கும். கொத்தனார் வெட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அது எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

மூன்று நாள் வேலை நடந்தது. பழைய பைப் துருப்பிடித்திருந்ததால் புதிதாகக் குழி எடுத்தார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற மண், ஆழத்தில் ஈரமாகத்தான் இருந்தது. புது கம்பி இழுத்து, கரன்ட் கசிந்தால் சட்டென்று அணைந்துகொள்ளும் பிரேக்கரை மெயினில் மாட்டினார் செந்தாமரை. மாடிக்குப் புது கீசர் வாங்கினோம். பிரேக்கரை மாட்டுவதற்கு முன்னால் அந்தக் குண்டு பல்பை எடுத்து, ஃபேஸிலும் எர்த்திலும் வைத்துக் காட்டியிருந்தார். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. கடைசியாகக் கேபிளைச் செருகினோம். பச்சை.

சார்ஜர் விஷயம் இப்படித்தான் முடிந்தது: பெரியது வாங்கவில்லை. சின்னதும் வாங்கவில்லை. காரோடு வந்த கேபிளே போதும் என்று, அதற்கென்று தனி லைன் இழுத்து, மழை படாத ஒரு பாயின்ட் வைத்துக்கொண்டோம். கல்லூரியிலிருந்து வந்ததும் செருகினால், இவர் குளித்து, செய்தி பார்த்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் நிரம்பிவிடுகிறது.

பிரியாவிடம் பேச வேண்டியது பாக்கி இருந்தது. ஒரு சாயந்தரம் மேலே போனேன். வாசலில் நின்று பேசாமல், உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"தப்பு என்மேலதான் பிரியா. நீ சொன்னப்பவே ஆளைக் கூப்பிட்டிருக்கணும். மன்னிச்சுக்கோ."

'பரவால்லக்கா' என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். பொதுவாக எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்?

அவள் சொல்லவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நிதானமாகப் பேசினாள்.

"நான் சொன்னப்ப செருப்பு போட்டுக்கன்னீங்க. கார் சொன்னதும் டைல்ஸை உடைச்சீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நிலா இன்னும் ஒரு வாய் வேண்டும் என்று ஆவென்று திறந்து காத்திருந்தது.

ஊட்டி முடித்ததும் பிரியாவே கேட்டாள். "இன்னும் ரெண்டு விஷயம் இருக்குக்கா. சொல்லவா?"

"சொல்லும்மா."

சமையலறை ஜன்னல் கொக்கி நிற்கவில்லை. மாடிப்படிக் கைப்பிடி மேல்படிகிட்ட ஆடுகிறது. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். இரண்டும் இப்போது சரியாகிவிட்டன. கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது... அதுவும் சும்மா சொன்னதில்லை.

இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களில் சிலர், வீட்டுக்கு எந்தக் கார் சார்ஜர் நல்லது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் கார் எவ்வளவு வாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

அதற்கு முன்னால், மாடியில் யாராவது குடியிருந்தால், ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.