பிடியரிசிப் பிள்ளை

எங்கள் ஊரில் என்னைப் பிடியரிசிப் பிள்ளை என்பார்கள். சிலர் கேலியாகத்தான் சொன்னார்கள், சொல்லட்டுமே! அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் என் தலை தானாக நிமிரும்.

சீமையில் சண்டை மூள்வதற்கு முந்தைய காலம் அது. பாளையங்கோட்டைக்கு மாட்டுவண்டியில் அரைநாள் போகவேண்டிய ஆற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. எங்கள் கிறிஸ்தவ வேதக்கோயில் சபைப் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொருத்தியும் ஒரு பிடி எடுத்து அடுப்படிக் கலயத்தில் போட்டுவைப்பாள். ஞாயிறன்று கலயங்கள் கோயிலுக்கு வரும். அந்த அரிசியை விற்று ஊர்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். படித்ததெல்லாம் பையன்கள். படிப்பு முடிந்ததும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிவிட்டார்கள்.

எனக்கோ பாட்டுப் பைத்தியம். கோயிலில் கீர்த்தனை பாடும்போது ஆண்கள் பக்கம் ஒரு சுருதி, பெண்கள் பக்கம் ஒரு சுருதி. காது கூசும். எங்கள் முன்னோர் ராகத்தோடு பாடிவந்த பாட்டு இப்படிக் கந்தலாகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் சங்கத்தில் நானே எழுந்து சொல்லிவிட்டேன்:

"என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்புங்க. பொம்பளப்பிள்ளைய பள்ளிக்கூடத்துல பிடில் சொல்லிக் குடுக்காவளாம். படிச்சுட்டு வந்து நம்ம பாட்ட நேராக்கித் தாரேன்."

பதினாலு வயதில் என்ன வாய் எனக்கு! பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, சரி என்றார்கள்.

குறுக்கே நின்றது என் அய்யா. என்னைப் பெற்றவர்தான், சபைக்கு மூப்பரும் அவர்தான். கோயில் மணி பூவரச மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கோபுரம் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிடியரிசிப் பணத்தை அதற்குக் கேட்டுச் சபைக்கூட்டம் கூட்டினார்.

"பொட்டப்பிள்ளைக்குப் பிடில் எதுக்கு? அரிசி எங்க வயல்ல வெளஞ்சது. அத என்ன செய்யணும்னு நாங்க சொல்லுதோம்."

ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது என் அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததேயில்லை.

"வயலு ஒங்களதுதான். நான் ஒண்ணு கேக்கேன். இத்தன வருசத்துல ஒங்க கும்பாவுல சோறு கொறஞ்சிருக்கா?"

"இல்ல."

"பிள்ளைய கும்பாவுல?"

"இல்ல." அய்யாவின் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அந்தப் பிடி எந்தக் கும்பாவுல கொறஞ்சுதுன்னு நெனைக்கிய?"

ஆண்கள் பெண்கள் பக்கம் திரும்பித் தத்தம் வீட்டுக்காரிகளைப் பார்த்தார்கள். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ள போவட்டும்" என்று மட்டும் சொன்னார்.

போனேன். விரல்நுனி காய்த்துப் போகுமளவுக்குப் படித்தேன். திரும்பி வந்து ஓர் அசனப் பண்டிகையன்று, ஊரே கூடிச் சாப்பிடும் நாளில், கோயிலில் முதல்முறையாக வாசித்தேன். இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் பாடின. என்னால்தான் பாடின என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆராதனை முடிந்ததும், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த போதகர் என் அய்யாவிடம், "உங்கள் மகளா? நன்றாகப் படிக்கவைத்திருக்கிறீர்கள்" என்றார்.

"எம் மவதான். ஆனா படிக்கவச்சது நானில்ல. எங்க ஊருப் பொம்பளைய வயித்தக் கட்டிப் படிக்கவச்சாவ."

அன்று அசனத்தில் அய்யா முதல் பந்தியில் உட்காரவில்லை. பெண்களை உட்காரச் சொல்லிவிட்டு, சோற்று வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு பரிமாறப் போனார். அம்மாவின் இலையில் அவர் வைத்த சோற்றை அவளால் உண்டு தீர்க்க முடியவில்லை.