பங்களா அண்ணனுக்கு வாட்டிய பன்றி இறைச்சி

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி வாயைத் திறந்தால் ஒரே ஆளின் பேச்சுத்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு துரை பங்களாவில் குசினி வேலைக்கு இருந்தவள். பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, அங்கிருந்த சமையல்காரரிடம் பாதிச் சமையலையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். சோறு வடித்தால் "பங்களா அண்ணே இப்பிடிக் குழைய விடமாட்டாங்க" என்பாள். முட்டை பொரித்தால் "அண்ணே பாத்தா சிரிப்பாங்க" என்பாள். அண்ணன் என்றுதான் சொன்னாள், வாய் நிறையச் சொன்னாள். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

நான் அப்போது வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறவன். சூடு கொஞ்சம் ஏறினால் தூள் கருகிவிடும், இறங்கினால் தூள் சரியாகக் காயாது. டீமேக்கர் ஐயாவே என் கையை நம்பித்தான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். நெருப்பு விஷயத்தில் எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தில்தான் அவள் கை வைத்தாள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு மாமியாரும் மச்சானும் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் லயத்து வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பக்கத்து லயத்தில் பன்றி அடித்துப் பங்கு போட்டார்கள். எங்கள் பங்குக்குத் தொடைப் பக்கம் தோலோடு பெரிய துண்டாகக் கிடைத்தது. வழக்கம்போல மிளகு தூக்கலாகப் போட்டு வறட்டிவிடலாம் என்றேன்.

"இல்லைங்க. முழுசா வாட்டப் போறேன், பங்களாவுல வாட்டுற மாதிரி. அண்ணனையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"தொரை லீவுல சீமைக்குப் போயிட்டாரு. அண்ணே பங்களாவுல தனியா இருக்காங்க. பாவம்."

அந்தப் 'பாவம்'தான் எனக்குத் தாங்கவில்லை. நாள் முழுக்கப் புகை குடித்துக் கண் சிவந்து வருகிற என்னை அவள் ஒருநாளும் பாவம் என்றதில்லை. துரை மிச்சம் வைத்த கேக்கைத் தின்று, தலைக்குக் கூரை, காலுக்குச் சப்பாத்து என்று இருக்கிற ஆள் பாவமாம்.

வினாகிரியும் மிளகும் வாங்க டவுனுக்கு நான்தான் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா நல்ல மனிதர். "தீவாளிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். பன்றிக்கு என்று அவர் கடையில் நின்று சொல்ல வாய் வரவில்லை. ஊறுகாய்க்கு என்று சொல்லிவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே நல்ல மிளகாகப் பார்த்துக் கூடவே நிறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால், என் சவரக்கத்தியை எடுத்துப் பன்றித் தோலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணைக்குத் தோல் கிழிந்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறாராம். மிளகு, பூண்டு, பட்டை, உப்பு எல்லாவற்றையும் வினாகிரியில் அரைத்து, தோலை விட்டுவிட்டுச் சதையில் மட்டும் தேய்த்தாள். தோலுக்கு உப்பு மட்டும். அதுவும் அண்ணன் சொன்னதுதான்.

பங்களாவில் இருக்கிற மாதிரி இரும்பு அடுப்புக்கு நாங்கள் எங்கே போவது? மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, அடியில் மணல் பரப்பி, உள்ளே இறைச்சித் தட்டை வைத்து, மேலே ஒரு தகர மூடி போட்டாள். கீழேயும் நெருப்பு, மூடி மேலேயும் நெருப்பு. ஆனால் அவள் கையில் எடுத்தது மிலாறு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி சடசடவென்று எரிந்து அடங்கிவிடும், மெதுவாக வேகும் இறைச்சிக்கு அது ஆகாது. அதை உன் அண்ணன் சொல்லித்தரவில்லையா என்று கேட்டேன். கையிலிருந்த மிலாறைக் கீழே போட்டாள்.

பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைத் தூர்க்கட்டைகள் லயத்துக்குப் பின்னால் கிடந்தன. அவற்றை உடைத்துக் கொண்டுவந்து தணல் போட்டேன். மத்தியானத்திலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாமியாருக்காக இல்லை, மனைவிக்காகவும் இல்லை. வருகிற ஆள் என் நெருப்பைக் குறை சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரம் மாமியாரும் மச்சானும் வந்தார்கள். பின்னாலேயே அவரும் வந்தார். கிழவராக இருப்பார் என்று என்னை நானே தேற்றி வைத்திருந்தேன். என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்த தலை. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஏறும்போதே "என்னா மாப்ள, சுகமா?" என்றார். வாசனை பிடித்துக்கொண்டு நேராகத் தகரத்துக்கு முன்னால் போய்க் குந்தி, பக்கத்தில் கிடந்த கம்பியால் மூடியை நெம்பப் போனார்.

"அண்ணே, தொறக்காதீங்க" என்றாள் என் மனைவி. "நெருப்பு எங்க வீட்டுக்காரங்க பொறுப்பு. அவங்க சொன்னாத்தான் தொறக்கணும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால், அந்த ஆளிடமே சொல்லிவிட்டாள்!

"தொறக்கலாமா மாப்ள?"

"இன்னும் கொஞ்சம் ஆகணும்" என்றேன். அப்போதே ஆகிவிட்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து காத்திருப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

திறந்தபோது தோல் பொன்னிறமாகப் பொரிந்து கொப்புளித்திருந்தது. மனைவி முதல் துண்டைத் தோலோடு வெட்டி அவர் தட்டில்தான் வைத்தாள். விருந்தாளி, என்ன சொல்வது?

அவர் உடனே சாப்பிடவில்லை. "எத்தனையோ வருசமா வாட்டுறேன் தங்கச்சி. மேசைக்குப் போற தோலு ஒரு துண்டுகூடத் திரும்பி வராது. இன்னிக்குத்தான் திங்கப் போறேன்" என்றார். மாமியார் உச்சுக் கொட்டினார்.

அவர் துண்டை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். என் மனைவி கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். மற்றவர்கள் தட்டு காலியாக இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள். அவர் விழுங்கிவிட்டு ஒருமுறை தலையை ஆட்டினார்.

"என் கையில இப்பிடி வந்ததில்ல."

அவள் முகம் மலர்ந்ததே, அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. நாள் முழுக்க அனலில் உட்கார்ந்தவன் நான், ஒரு தலையாட்டலில் அதை வாங்கிக்கொண்டு போனவர் அவர்.

என் தட்டுக்கும் துண்டு வந்தது. வாயில் போட்டதும், அவள் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன்.

"ரொம்ப நல்லா இருக்கு."

"ஒங்களுக்கு நான் எதை வச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள்.