வந்த நேரம்

சென்ற ஜூலை 9, மாலை 4.12. இது நடந்தது. நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

மெரிலேண்ட்ஸில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். இங்கே ஜூலை குளிர்காலம். வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், அடிமைகளாக இருந்தவர்களின் மகள்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. கறுப்பினப் பெண்கள் படித்த இடம். அதன் வரலாற்றுத் தொகுப்புக்காக விடுதியின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெயர், வெளியே போன நேரம், திரும்பி வந்த நேரம். ஐந்து மணிக்குள் கடைசிப் பதிவேட்டை அனுப்பினால்தான் என் ஒப்பந்தம் நீளும்.

1934 ஜனவரியில் ஒரு வரி தடுத்தது. லூசிண்டா. போனது மாலை 6.30. வந்த நேரம் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காது. மேற்பார்வையாளர் சுஜீவா அக்காவை அழைத்தேன்.

“ஏதாவது ஒரு நேரத்தைப் போட்டு விடும், பார்கவி. தொண்ணூறு வருசத்துக்கு முந்தின பெட்டை வந்து சண்டை பிடிக்கப் போறாளோ?”

சிரித்தோம். திரையின் மூலையில் தெரிந்த நேரத்தையே அடித்தேன். 4.12. அனுப்பினேன்.

டக்... டக்... டக்.

என் வீட்டுக் கதவில். துளை வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. திறந்தேன். படிகளில் காலடிச் சத்தம்கூட இல்லை. குளிர் மட்டும் உள்ளே வந்தது. சாத்தினேன்.

4.15. குளிர் போகவில்லை.

4.20. ஹீட்டரை என்னைப் பார்த்துதான் வைத்திருந்தேன். இப்போது அது எதிர் நாற்காலியைப் பார்த்து இருந்தது...

நாற்காலி ஹீட்டரை ஒட்டி நகர்ந்திருந்தது.

நான் நகர்த்தவில்லை.

மறுநாள் காலை 9.05. சுஜீவா அக்கா அழைத்தார். குரலில் சிரிப்பு இல்லை. கல்லூரி ஆவணப் பொறுப்பாளர் எழுதியிருந்தாராம், அந்தக் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும் என்று. விதிப்படி விடுதி வாசலை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். லூசிண்டாவைக் காலையில்தான் கண்டார்கள். வாசல் படியில், பனியில் விறைத்து.

விடுதிக் காப்பாளரின் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. 10.06க்குக் கதவு தட்டும் சத்தம். இரண்டு மணி வரை கேட்டது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

“அந்த நேரத்தை இப்பவே அழிச்சுப் போடும். காலியா விட்டாலும் ஏற்கிற மாதிரி மாத்தியாச்சு,” என்றார் அக்கா.

வரியைத் திறந்தேன். விரல் விசையின் மேல் நின்றது.

“அழிச்சா... அவ மறுபடி வெளியே நிக்கணுமாக்கா?”